முரசு முழங்கும்போது பாட்டு எங்கே போகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இசையமைப்பாளர் பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’ முதன்முதலில் வியன்னாவில் பாடப்பட்டபோது, டிம்பனி வாசித்த ஒரே ஒருவர் மொத்தப் பாடகர் குழுவையும் அமுக்கிவிட்டார் என்று படித்தேன். அத்தனை பேர் வாய்விட்டுப் பாடும்போது ஒற்றை ஆள் முரசைத் தட்டி அதைச் செய்ய முடியுமா, இல்லை கட்டிவிட்ட கதையா?”

கதையில்லை, நடந்ததுதான். 1867 டிசம்பர் 1 அன்று யோஹான் ஹெர்பெக் நடத்திய கச்சேரியில் ரெக்வியத்தின் முதல் மூன்று பகுதிகளை மட்டும் பாடினார்கள். மூன்றாவது பகுதியின் முடிவில் டிம்பனி விடாமல் உரக்க முழங்க, கேட்டவர்களில் ஒரு சாரார் சீறி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மென்மையாகத் தொடரச் சொன்ன குறியீட்டை வாசிப்பாளர் ‘மிக உரக்க’ என்று படித்துவிட்டார் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பிராம்ஸின் படைப்புகளை மதித்தவரான விமர்சகர் எட்வர்ட் ஹான்ஸ்லிக்கே, விரைவு ரயிலில் சுரங்கப் பாதைக்குள் தடதடத்துப் போகும் பயணியின் நிலைமைதான் அந்த இடத்தில் என்று எழுதினார்.

ரெக்வியம் என்பது இறந்தவர்களுக்காகப் பாடும் கத்தோலிக்க வழிபாட்டு இசை. லத்தீன் மொழியில், நிர்ணயிக்கப்பட்ட வரிகளோடு இருக்கும். ஹாம்பர்க்கில் பிறந்த யோஹானஸ் பிராம்ஸ் அந்த வரிகளைத் தொடவே இல்லை. மார்ட்டின் லூத்தர் மொழிபெயர்த்த ஜெர்மன் பைபிளிலிருந்து தானே வசனங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். 1865 பிப்ரவரியில் அவருடைய அம்மா இறந்தார். அதற்கும் முன்னால், 1856இல், அவரைக் கைதூக்கிவிட்ட இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் போய்விட்டார். இந்த இரண்டு இழப்புகளும் படைப்புக்குள் இருக்கின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். லத்தீன் ரெக்வியம் இறந்தவருக்காக மன்றாடும். இதுவோ “துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள்” என்று உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துத் தொடங்குகிறது. சாவுப் பாட்டை வீட்டில் போட்டால் ஆகாது என்று இன்றும் நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். ஆறுதல் பாட்டை எந்த நாளிலும் போடலாம். மற்ற ரெக்வியங்களையும் போடலாம், ஒன்றும் ஆகாது.

சரி, மூன்றாம் பகுதியின் முடிவுக்கு வருவோம். அது ஒரு ஃபியூக். ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்க, அடுத்த குரல் அதே மெட்டோடு பின்னால் வர, கடைசியில் மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரல்களும் தனித்தனி வழியில் ஓடிக்கொண்டே ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். இதற்குக் கீழே ஆர்கெஸ்ட்ராவும் தன் பங்குக்கு ஓடுகிறது. இத்தனைக்கும் அடியில், 36 தாள அளவுகள் (bars) முழுக்க, ஒரே ஒரு சுரம் அசையாமல் நிற்கிறது. அது கீழ்ஸ்தாயி டி (D) என்ற சுரம். டிம்பனியும் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. பாடப்படும் வரி ‘சாலமோனின் ஞானம்’ என்ற நூலிலிருந்து வருகிறது: “நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் உள்ளன.” மேலே எத்தனை அலைச்சல் இருந்தாலும் கீழே தாங்குகிற கை நகராது. வார்த்தை சொல்வதையே பிராம்ஸ் ஒலியாகக் கட்டியிருக்கிறார். அன்று வியன்னாவில் கை மட்டும் கேட்டது, ஆன்மாக்கள் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? ‘முரசு சத்தமாக இருந்தது, அதனால்தான்’ என்பது பாதி பதில்தான். தலைகீழாக யோசித்துப் பாருங்கள். ஒரு சோப்ரானோ எவ்வளவு உரக்கப் பாடினாலும் அடியில் ஒலிக்கும் முரசு அவ்வளவு எளிதில் காணாமல் போவதில்லை. கீழ்ச்சுரம் மேல்ச்சுரத்தை மறைக்கும், மேல்ச்சுரத்தால் கீழ்ச்சுரத்தை அந்த அளவுக்கு மறைக்க முடியாது. இந்த ஒருதலைப்பட்சத்தை அமெரிக்க இயற்பியலாளர் ஆல்ஃபிரட் மேயர் 1876இல் பதிவு செய்தார். வியன்னா கச்சேரிக்கு ஒன்பது ஆண்டு கழித்து! 1924இல் வெகல், லேன் என்ற இருவர் அதை முறையாக அளந்தார்கள். தொலைபேசியில் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற கவலையில் தொலைபேசித் துறை போட்ட பணம் அது. ஆனால் காரணம் காற்றிலும் இல்லை, அரங்கத்திலும் இல்லை. காதுக்குள் இருக்கிறது.

செவிப்பறை, மூன்று குட்டி எலும்புகள், பிறகு நத்தை ஓடு போலச் சுருண்ட காக்லியா. இதுவரை பள்ளிப் பாடம். காக்லியாவுக்குள் நீளவாக்கில் ஒரு சவ்வு ஓடுகிறது. சுருளை விரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர், ஒரு தீக்குச்சி நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒலி நுழையும் வாயிலருகே சவ்வு குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கிறது. உள்ளே போகப் போக அகன்று, தளர்ந்து, சுருளின் உச்சியில் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. விறைத்த இடம் வேகமான அதிர்வுக்கு இசையும், தளர்ந்த இடம் மெதுவான அதிர்வுக்கு இசையும். ஆகவே மேல்ச்சுரங்களுக்கு வாயிலருகே இடம், கீழ்ச்சுரங்களுக்கு உச்சியில் இடம்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. ஒலி நேராகத் தன் இடத்துக்குத் தாவிப் போய்விடுவதில்லை. வாயிலில் தொடங்கி சவ்வின் மீது ஓர் அலையாகப் பயணம் செய்கிறது. தன் இடத்தை நெருங்க நெருங்க உயர்ந்து, அங்கே உச்சம் தொட்டு, அதைத் தாண்டியதும் சட்டென்று அடங்கிவிடுகிறது. ஹங்கேரியரான கியோர்க் ஃபான் பெகேஷி இறந்தவர்களின் காதுகளை எடுத்து, சவ்வின் மேல் வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் நுண்ணோக்கி வழியாக இந்த அலையைப் பார்த்தார். 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்ச்சுரம் முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிடும் பயணி. கடைசி நிறுத்தம் எப்படி இருக்கும் என்றே அதற்குத் தெரியாது. கீழ்ச்சுரம் டெர்மினஸ் வரை போகிற ஆள். போகிற வழியில் எல்லா நிறுத்தத்தையும் கடந்தாக வேண்டும். ஆள் அமைதியானவராக இருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கூச்சல் போடுகிற ஆளாக இருந்தால் வழியெல்லாம் கலாட்டாதான். முரசின் டி உச்சிக்குப் போகும் வழியில் ஆல்டோவின் இடத்தையும் சோப்ரானோவின் இடத்தையும் உலுக்கிவிட்டுத்தான் போகிறது. சோப்ரானோவின் அலை முரசின் இடத்தை எட்டுவதற்குள்ளேயே செத்துவிடுகிறது.

இன்னொரு அடுக்கும் உண்டு. பெகேஷி பார்த்தவை செத்த காதுகள். உயிருள்ள காதில் சவ்வின் மேல் சுமார் 12,000 புற மயிர்ச்செல்கள் இருக்கின்றன. இவை நீண்டு சுருங்கி அலையை ஊக்குகின்றன, ஆனால் அந்த அலைக்கு உரிய இடத்தில் மட்டும்தான். மெல்லிய ஒலியை நிறையப் பெருக்குகின்றன, உரத்த ஒலியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதனால் சோப்ரானோ தன் குரலை உயர்த்தினால், அவருடைய இடத்தில் சவ்வின் அசைவு அதே விகிதத்தில் உயராது, கொஞ்சமாகத்தான் உயரும். வழியோடு போகும் முரசின் அலைக்கு அந்த இடத்தில் ஊக்கமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. முரசை எவ்வளவு கூட்டினாலும் அது அங்கே அப்படியே முழுசாகக் கூடும். விளைவைப் பாருங்கள்: ஒலியின் வலிமையை டெசிபலில் அளப்பார்கள், முரசு 10 டெசிபல் ஏறினால், ஈடுகொடுக்கப் பாடகர்கள் 10 டெசிபலுக்கும் மேலே ஏற வேண்டும்.

வாசகர் “அத்தனை பேர்” என்றாரே, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பாடகர் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினால் கிடைப்பது 10 டெசிபல் மட்டுமே. 20 பேரை 200 பேராக்கிச் சேர்க்கிற பலத்தை, டிம்பனிக்காரர் மணிக்கட்டைக் கொஞ்சம் ஓங்கிச் சமன் செய்துவிடலாம். ஆள் பலம் இந்த ஆட்டத்தில் செல்லாது.

டிம்பனி வெறும் ‘டம்’ ஆக இருந்திருந்தால் சேதம் இன்னும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அது சுரம் உள்ள முரசு. சாதாரணத் தோல் அதிர்ந்தால் மேலெழும் ஒலிகள் ஒன்றோடொன்று சேராமல் சிதறி நிற்கும். டிம்பனியில் தோலோடு சேர்ந்து ஆடும் காற்றின் சுமை அந்த அதிர்வுகளை நகர்த்தி, முக்கியமானவற்றைக் கிட்டத்தட்ட 1 : 1.5 : 2 என்ற விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அடிச்சுரம் 147 ஹெர்ட்ஸ் டி என்றால் அடுத்து 220, 294. ஃபியூக்கும் டியை ஆதார சுரமாகக் கொண்ட டி மேஜரில்தான். ஆகவே முரசின் மேலொலிகள் டெனரும் ஆல்டோவும் நிற்கிற அதே படிகளில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

மிருதங்கம் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. வலந்தலையின் நடுவே அப்பும் கருப்புக் கரணையின் எடைதான் அங்கே அதிர்வுகளைச் சீராக்குகிறது. அதை அறிவியலாக விளக்கியவர் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ராமன் ஆய்வு செய்த கொல்கத்தா நிறுவனம் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் நன்கொடை திரட்டித் தொடங்கியது. இன்றைக்கு ஓர் இளம் ஆய்வாளர் “முரசு ஏன் இனிக்கிறது என்று பார்க்க வேண்டும்” என்று விண்ணப்பம் போட்டால், பயன்பாடு என்ன என்ற கட்டத்தில் எதை நிரப்புவார்? மேயருக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பத் தெரிந்திருக்காது. அவர் கவனித்த ஒலிமறைப்புதான் இன்று எம்பி3 கோப்புகளின் அடிப்படை: காதுக்கு எப்படியும் மறைந்துபோகும் ஒலிக்கு இடம் ஒதுக்காமல் விட்டுவிடுவதால்தான் கோப்பு சிறுக்கிறது. கல்யாண மண்டபங்களில் பேஸை முறுக்கிவிட்டுப் பாடகரின் சொல்லைக் கொல்கிற மிக்ஸர்காரர்களுக்கும் யாராவது இதை எடுத்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பிராம்ஸுக்கு இந்த உடலியல் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, காது தெரியும். முதல் பகுதியில் அவர் வயலின்களைச் சேர்க்கவே இல்லை. வயோலாவும் செல்லோவும் இருட்டாக, ஆனால் மென்மையாக நடக்கின்றன. பாடகர்கள் முதல் சொல்லைத் தொடும்போது ஆர்கெஸ்ட்ரா விலகி வழிவிடுகிறது. இரண்டாம் பகுதியில், “மாம்சமெல்லாம் புல்லைப்போல” என்ற இடத்தில், டிம்பனி அடியில் மெல்லத் துடித்துக்கொண்டே இருக்கும். பிறகு அதே மெட்டு முழு பலத்தோடு வெடிக்கும். அங்கே முரசு எவ்வளவு முழங்கினாலும் பெரிய இழப்பு இல்லை, ஏனென்றால் பாடகர்கள் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். ஃபியூக்கில் நான்கைப் பிடிக்க வேண்டும், ஒன்று தவறினாலும் கட்டடமே குழப்பமாகிவிடும். உரத்த முரசைத் தாங்க முடியாத இடம் இந்தப் படைப்பிலேயே அதுதான், விபத்தும் அங்கேயே நடந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? நாலே மாதத்தில், 1868 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று, ப்ரெமன் பேராலயத்தில் ஆறு பகுதிகளாகப் பாடப்பட்டபோது பெரிய வெற்றி. ராபர்ட்டின் மனைவி கிளாரா ஷூமான் நேரில் வந்திருந்தார். அதன்பின் சோப்ரானோ தனித்துப் பாடும் ஐந்தாவது பகுதியை பிராம்ஸ் சேர்த்தார். தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்ற வரி அதில்தான் வருகிறது. ஏழு பகுதிகளும் முழுதாக ஒலித்தது 1869 பிப்ரவரியில், லைப்சிக்கில்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மூன்றாம் பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களை முதலில் செல்போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அடிச்சுரத்தைத் தர முடியாது. குரல்கள் நன்றாகப் பிரிந்து கேட்கும், ஆனால் தரை இருக்காது. பிறகு நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், தரை வந்துவிடும். இப்போது ஈக்வலைசரில் பேஸை மெல்ல மெல்ல ஏற்றி, ஆல்டோ வரியை மட்டும் காதால் பின்தொடருங்கள். எந்த இடத்தில் அது நழுவுகிறதோ அதுதான் ஹான்ஸ்லிக்கின் சுரங்கப் பாதை. காதுக்கு ஓய்வு வேண்டுமென்றால் அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். நான்காவதில் பிராம்ஸ் டிம்பனியே வைக்கவில்லை.