மெலிந்த காற்றில் ஒரு 350 சிசி

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் என் வீட்டு வாசலில் நிற்கிற ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, சென்னைக்கு அருகே செய்யப்பட்ட வண்டி. கடல் மட்டத்தில் பிறந்தது, இங்கே ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. எனக்குக் கார் இல்லை. வேலைக்கு, காய்கறிக்கு, கோயிலுக்கு, வருஷத்துக்கு இரண்டு தடவை டர்பனில் சித்தப்பா வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் இதுதான். "இருபது குதிரையை வெச்சுக்கிட்டு ஹைவேல என்னப்பா பண்ணுவ?" என்று சித்தப்பா முதல் தடவை பார்த்தபோதே கேட்டார். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷம் ஓட்டி, கணக்கும் போட்டுப் பார்த்த பிறகு சொல்ல முடிகிறது.

வண்டி ஓட எவ்வளவு சக்தி வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். சமதளத்தில் வண்டியைத் தடுப்பவை இரண்டே. ஒன்று டயர் உருளும்போது வருகிற தடை. இன்னொன்று காற்று. டயரின் தடை வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது: வேகம் இரட்டித்தால் தடை நாலு மடங்கு. அந்தத் தடையை வென்று ஓடத் தேவையான சக்தியோ எட்டு மடங்கு. மீட்டியோர் குரூசர் வகை, அதாவது தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலும் கொண்ட வண்டி. குரூசரில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை விரித்துப் பிடித்துக்கொண்டு போகிறோம். நெஞ்சே ஒரு கப்பல் பாய். 191 கிலோ வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்து 275 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால், கடல் மட்டத்தில் 60 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோவாட் போதும். அதாவது மூன்றரைக் குதிரைத்திறன்கூட வேண்டாம். 100 கி.மீ.க்கு 9 கிலோவாட். 120க்கு 15 கிலோவாட். இந்த என்ஜினின் உச்ச சக்தி நிமிஷத்துக்கு 6,100 சுழற்சியில் 20.2 குதிரைத்திறன், அதுவும் 15 கிலோவாட்தான். செயினிலும் கியரிலும் கொஞ்சம் போய்விடுவதால் 120ஐத் தொட்டுப் பிடிப்பதே கஷ்டம். ஆனால் நகரத்துக்குள் நமக்கு வேண்டியது உச்சத்தில் ஆறில் ஒரு பங்கு.

அந்த ஆறில் ஒரு பங்கு எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதுதான் தினமும் ஓட்டுகிறவருக்கு முக்கியம். மீட்டியோரின் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 85.8 மில்லிமீட்டர். ஒல்லியாக, உயரமாக இருக்கிற சிலிண்டர். கேடிஎம் 390 டியூக்கின் பழைய 373 சிசி என்ஜினில் இது தலைகீழ்: விட்டம் 89, ஸ்ட்ரோக் 60. அகலமான சிலிண்டரில் பெரிய வால்வுகள் வைக்கலாம், பிஸ்டன் ஓடும் தூரமும் குறைவு, அதனால் என்ஜின் 9,000 சுழற்சி வரை போய் 43 குதிரைத்திறன் தரும். நீண்ட ஸ்ட்ரோக்கில் அப்படிச் சுழற்ற முடியாது. மீட்டியோர் 6,100இல் சுழலும்போதே பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 17 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஆகவே வடிவமைத்தவர்கள் வேகத்தை விட்டுவிட்டு, வால்வு திறக்கும் நேரத்தையும் காற்றுப் பாதையையும் குறைந்த சுழற்சிக்கு ஏற்ப அமைத்திருக்கிறார்கள். 4,000 சுழற்சியிலேயே முறுக்குவிசை உச்சத்துக்கு வந்துவிடுகிறது: 27 நியூட்டன் மீட்டர். அதைச் சுழற்சியோடு பெருக்கினால் 11.3 கிலோவாட். மொத்தச் சக்தியில் முக்கால் பங்கு, என்ஜின் இன்னும் கத்தத் தொடங்காத இடத்திலேயே கையில் இருக்கிறது.

இதன் அருமை லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. இங்கே சிக்னல் விளக்கை எல்லாரும் ரோபோ என்பார்கள். மின்சாரம் போனால் ரோபோவும் போய்விடும். நாற்சந்தியில் முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும், ஒவ்வொரு வண்டியும் நின்று நின்று நகரும். அந்த வரிசையில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கவே வேண்டியதில்லை. கிளட்ச்சை மெல்ல விட்டால் வண்டி தானாக நகரும். இருக்கையின் உயரம் 765 மில்லிமீட்டர், இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியும். முன்னால் பாக்கி (இங்கே பிக்கப் வண்டியை அப்படித்தான் சொல்வார்கள்) ஒன்று திடீரென்று நின்றால் பதற்றமில்லாமல் காலை ஊன்றிக்கொள்ளலாம்.

உயரத்துக்கு வருவோம். கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

என்ஜின் என்பது அடிப்படையில் காற்றைக் குடிக்கிற பம்ப். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 349 சிசி காற்றை உறிஞ்சுகிறது. 6,000 சுழற்சியில் முழுசாக நிரம்புவதாகக் கொண்டால், நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர். டர்பன் கடற்கரையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ. இங்கே மேட்டு நிலத்தில் ஒரு கிலோதான். அளவு அதே, எடை ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆக்ஸிஜனும் அவ்வளவே குறைவு. எரிக்க முடிகிற பெட்ரோலும் குறைகிறது, சக்தியும் குறைகிறது. 15 கிலோவாட் வண்டி இங்கே வந்ததும் பன்னிரண்டரை கிலோவாட் வண்டியாகிவிட்டது. பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. காற்று மெலிந்தது கார்புரேட்டருக்குத் தெரியாது, பெட்ரோலைத் தேவைக்கு மேல் ஊற்றும், ஸ்பார்க் பிளக் கரிபிடிக்கும், பெட்ரோல் வருகிற சிறு துளையான ஜெட்டை மாற்ற வேண்டியிருக்கும். மீட்டியோரில் ஃபியூயல் இன்ஜெக்ஷன். காற்றழுத்தத்தைச் சென்சார் அளந்து சொல்ல, பெட்ரோல் அதற்கேற்பக் குறைகிறது. கலவை சரியாக இருக்கும். போன சக்தி போனதுதான்.

இங்குள்ள பெட்ரோல் பங்க்குகளில் 93 ஆக்டேன் பெட்ரோல் விற்பதும் இதே காரணத்தால். கடற்கரைப் பக்கம் 95 தான் வழக்கம். காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் குறைவாகவே ஏறுகின்றன. பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து 'டக டக' என்று தட்டும் வாய்ப்பும் குறைகிறது. 9.5க்கு 1 என்ற அடக்கமான அமுக்க விகிதம் உள்ள என்ஜினுக்கு 93 தாராளமாகப் போதும். இங்கே 95க்குக் கூடுதல் காசு கொடுத்தால் வண்டி வேகமாக ஓடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். இந்த என்ஜினில் அது நடக்காது.

ஆறில் ஒரு பங்கு சக்தி போனால் வேகமும் அதே அளவு குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குறையவில்லை. சமதளத்தில் என் வண்டியின் உச்ச வேகம் டர்பனிலும் இங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஸ்பீடோமீட்டர் பழுதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் புரிந்தது. என்ஜினுக்குக் குடிக்கக் கிடைக்கிற காற்று மெலிந்தால், நெஞ்சில் மோதுகிற காற்றும் அதே அளவு மெலிகிறது! 100 கி.மீ. வேகத்துக்குக் கடற்கரையில் வேண்டியது 9 கிலோவாட் என்றால், இங்கே எட்டுக்கும் குறைவு. வரவும் செலவும் சேர்ந்தே இறங்குகின்றன.

இறங்காத ஒன்று எடை. 275 கிலோ எங்கே போனாலும் 275 கிலோதான். மேடு ஏறும்போது காற்றைவிட எடைதான் எதிரி. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயர்கிற மேட்டில் 100 கி.மீ. வேகத்தைப் பிடிக்க, கூடுதலாக மூன்றே முக்கால் கிலோவாட் வேண்டும். கடற்கரையில் அந்த மேடு இருந்தால் மொத்தத் தேவை 12.8, பின்சக்கரத்துக்கு வந்து சேர்வது 13.5 என்று வைத்தால் ஏறிவிடும். அதே மேடு இங்கே இருந்தால் தேவை 11.5, வந்து சேர்வது 11.2. நூலிழையில் தோற்கிறது. ஐந்தாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திருகினாலும் ஸ்பீடோமீட்டர் முள் மெல்ல மெல்ல வடியும். பிக்கப் இல்லை, வண்டி திணறுகிறது என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். நாலாம் கியருக்கு இறங்கி, சுழற்சியை உச்ச சக்தி இருக்கிற பக்கம் ஏற்றி, 90இல் போனால் போதும். காற்றின் செலவு சட்டென்று குறையும், மிச்சமாகும் சக்தி மேட்டுக்குப் போகும்.

N3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கி.மீ. டர்பன் போய் வரும்போது பிரச்சினை மேடு மட்டுமல்ல. கார்களுக்கு வரம்பு 120. 9 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 80. என் வண்டி நிம்மதியாகப் போகிற 95, இரண்டுக்கும் நடுவில். இடது பக்கம் இருந்தால் லாரிகளைத் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும், வலது பக்கம் போனால் பின்னால் கார்கள் முட்ட வரும். பெரிய லாரியின் முன்பகுதி காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, பின்பகுதி உள்ளே இழுக்கிறது. தாண்டும்போது முதலில் இழுப்பு, முன்பகுதியைக் கடக்கிற கணத்தில் வெளிப்பக்கம் ஒரு தள்ளு. டர்பனிலிருந்து திரும்புகையில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை விட்டு டவுன் ஹில் (Town Hill) என்ற மேட்டில் ஏறும்போது இந்தத் தள்ளும் மேடும் சேர்ந்தே வரும். அங்கே நான் ஒரு லாரியைத் தாண்ட முயன்று, பாதியில் சக்தி போதாமல் அதன் பக்கத்திலேயே நீண்ட நேரம் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அன்றிலிருந்து மேட்டில் தாண்டுவதில்லை. உச்ச சக்தி குறைந்த வண்டியில் மிச்சச் சக்தி எவ்வளவு என்பதுதான் பாதுகாப்பு. மேட்டில் அது பூஜ்யம்.

நேராகப் போவதில் குரூசர் கெட்டி. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைப் பாருங்கள். அதன் அச்சுக்குப் பின்னால் சக்கரம் இழுபட்டு வருவதால் தானே நேராகிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளிலும் ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் புள்ளி அதற்குப் பின்னால் இருக்கும். முன்ஃபோர்க் சாய்வாக நீண்டிருக்கும் குரூசரில் இந்த இடைவெளி கூடுதல். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தூரமும் 1,400 மில்லிமீட்டர். அதனால் பக்கக் காற்றிலும் வண்டி தன் கோட்டை விடாது. விலையாக, வளைவில் திருப்ப நேரம் எடுக்கும், அதிகம் சாய்த்தால் கால்படி தரையில் உரசும்.

ஒற்றை சிலிண்டர் என்றாலே கை மரத்துப்போகும் என்பது பழைய பேச்சு. பிஸ்டன் ஏறி இறங்கும் உதறலைத் தணிக்க, பிஸ்டன் சுழற்றுகிற தண்டான கிராங்கில் எதிர் எடை வைப்பார்கள். அது சுழல்வதால் மேலும் கீழும் உதறலைக் குறைக்கும், பக்கவாட்டில் புது உதறலைக் கிளப்பும். இந்த என்ஜினில் கூடுதலாக ஒரு பேலன்சர் தண்டு, கிராங்குக்கு எதிர்த் திசையில் அதே வேகத்தில் சுழல்கிறது. இரண்டு எடைகளின் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மேல்கீழ் விசைகள் சேர்ந்து பிஸ்டனை எதிர்க்கும். மூன்று மணி நேரம் ஓட்டினாலும் என் விரல் மரத்ததில்லை. வலிப்பது வால் எலும்புதான். கால் முன்னால் நீட்டியிருப்பதால் குழி வரும்போது எழுந்து நிற்பது சிரமம், அடி முழுவதும் முதுகுத் தண்டில் இறங்கும். இங்குள்ள சாலைக் குழிகளை நினைத்தால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

போன தடவை டர்பன் போனபோது சித்தப்பாவைப் பின்னால் உட்காரவைத்து சாட்ஸ்வொர்த் மேடுகளில் சுற்றினேன். அவர் 75 கிலோ. சமதளத்தில் அவர் இருப்பதே வண்டிக்குத் தெரியவில்லை. ஐந்து விழுக்காடு மேட்டில் 80 கி.மீ. வேகத்துக்கு அவருக்காக மட்டும் 0.8 கிலோவாட் கூடுதலாக வேண்டும். கடற்கரைக் காற்று தடிமனாக இருந்ததால் வண்டி முனகாமல் கொடுத்தது. "பரவால்லையே, இழுக்குதே" என்றார். அடுத்த மாதம் அவரை ஜோகன்னஸ்பர்க்குக்கு அழைத்திருக்கிறேன். இங்கே மேடு தொடங்குவதற்கு முன்பே நாலாம் கியருக்கு வந்துவிடுவேன்.