செடிஷன் என்றால் தேசத்துரோகமா?

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பின் மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. முதல் உலகப்போர்க் கால அமெரிக்காவைப் பற்றிய நூல். பாதி தாண்டியதும் இப்படி ஒரு வாக்கியம்: "அவர்மீது சுமத்தப்பட்டது தேசத்துரோகக் குற்றம், ஆனால் அது தேசத்துரோகம் ஆகாது." இரண்டு தடவை படித்தேன். அச்சுப்பிழையோ என்று மூலத்தைப் புரட்டினால், முதல் தேசத்துரோகம் செடிஷன் (sedition), அதாவது அரசுக்கு எதிராகத் தூண்டிவிடும் பேச்சும் எழுத்தும்; இரண்டாவது ட்ரீசன் (treason), நாட்டை எதிரிக்குக் காட்டிக் கொடுப்பது. மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்தேன். "பேப்பர்ல, டிவியில எல்லாம் அப்படித்தானே சார் வருது?" என்றார். வருகிறதுதான். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். செடிஷன், லத்தீன் 'செடிட்டியோ'விலிருந்து வந்தது. 'செட்' என்றால் தனியே, 'இட்டியோ' என்றால் போதல். ஊரோடு ஒட்டாமல் பிரிந்து போவது, அதிலிருந்து உட்பூசல், கலகம். ட்ரீசனின் வேர் வேறு. அது லத்தீனில் 'கையில் கொடுத்தல்' என்ற பொருளில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம் 'காட்டிக் கொடுத்தல்' இருக்கிறதே, அச்சு அசல் அதுதான். ஆக, துரோகம் என்ற சொல் ட்ரீசனுக்குப் பாத்தியப்பட்டது. ஒரு நம்பிக்கை இருக்க வேண்டும், அதை மீற வேண்டும், அந்தப் பக்கம் கை நீட்டி வாங்கிக்கொள்ள ஒரு எதிரி இருக்க வேண்டும். செடிஷனில் அந்த எதிரியே கிடையாது. வாய் மட்டும்தான் உண்டு.

அமெரிக்கர்கள் இந்த வேறுபாட்டை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தவர்கள். மூன்றாம் உறுப்பின் மூன்றாம் பிரிவின்படி, நாட்டின்மீது போர் தொடுப்பதும், எதிரியோடு சேர்ந்து அவனுக்கு உதவுவதும் மட்டுமே தேசத்துரோகம். வெளிப்படையான ஒரே செயலுக்கு இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். இல்லையென்றால் குற்றவாளியே பகிரங்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப்போரில் பெர்லின் வானொலியிலிருந்து நாஜிகளுக்காகப் பேசிய அமெரிக்கப் பெண் 'ஆக்சிஸ் சாலி'க்கு 1949இல் தண்டனை கிடைத்தது இந்தக் குற்றத்துக்குத்தான். அவரைத் தேசத்துரோகி என்று எழுதுங்கள், நான் பேனாவைத் தொடமாட்டேன்.

1918 மே மாதம் வந்த செடிஷன் சட்டம் வேறு ரகம். அமெரிக்கா போரில் இறங்கி ஓராண்டு ஆகியிருந்தது. முந்தைய ஆண்டின் உளவுச் சட்டத்துக்குத் திருத்தமாக அது வந்தது. அரசாங்க முறை, அரசியல் சட்டம், படை, கொடி, ஏன், படைவீரரின் சீருடையைப் பற்றிக்கூட இழிவாகவோ ஏசியோ பேசினாலும் எழுதினாலும் குற்றம். 20 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். இதில் எதிரிக்கு உதவியது எங்கே வருகிறது? பூராவும் நாக்கைப் பற்றிய சட்டம்.

யூஜின் டெப்ஸை எடுத்துக்கொள்வோம். சோஷலிஸ்ட் கட்சித் தலைவர். 1918 ஜூன் 16 அன்று ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில் பேசினார். போரை அறிவிப்பது எப்போதும் ஆளும் வர்க்கம், களத்தில் நின்று சாவது எப்போதும் ஆளப்படும் வர்க்கம் என்பது சாரம். இதற்கு 10 ஆண்டு சிறை. அட்லான்டா சிறையில் இருந்தபடியே 1920 அதிபர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். தேசத்துரோகிக்கா அத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள்? அடுத்த ஆண்டு டிசம்பரில் அதிபர் ஹார்டிங் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார்.

இன்னொரு கூத்து. அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி ஒரு மௌனப்படம் எடுத்தார் ராபர்ட் கோல்ட்ஸ்டீன். அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் அட்டூழியங்களைக் காட்டியிருந்தார். 1917இல் பிரிட்டன் கூட்டாளி ஆகிவிட்டதே! கூட்டாளியின்மேல் வெறுப்பை மூட்டுகிறாய் என்று உளவுச் சட்டத்தின்கீழ் 10 ஆண்டு போட்டார்கள். பிறகு அதிபர் வில்சன் அதை 3 ஆண்டாகக் குறைத்தார். தேசம் பிறந்த கதையைப் படமெடுத்தவருக்குத் 'தேசத்துரோகி' பட்டம் கொடுத்துப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்கிறதா என்று.

சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களுக்காக ஒன்று. 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில் ஊரில், ஜெர்மனியில் பிறந்த ராபர்ட் பிரேகர் என்ற தொழிலாளியை ஒரு கும்பல் தூக்கில் போட்டுக் கொன்றது. உளவாளி, துரோகி என்பதுதான் கும்பலின் குற்றச்சாட்டு. வழக்கு நடந்தது, அத்தனை பேரும் விடுதலை. மக்கள் சட்டத்தைக் கையில் எடுக்காமல் இருக்கவாவது கடுமையான சட்டம் வேண்டும் என்று அடுத்த மாதச் சட்டத்துக்கு இதையே நியாயமாகக் காட்டினார்கள். பேச்சுக்கும் துரோகத்துக்கும் நடுவே அன்றைக்குக் கும்பல் அழித்த எல்லைக்கோட்டை நூறு வருஷம் கழித்து நாமும் அழிக்கிறோம், அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு.

சரி, என்னதான் சொல்வது? வ.உ.சி., சுப்பிரமணிய சிவா காலத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் செடிஷனைப் பற்றிய 124ஏ பிரிவுக்கு 'ராஜதுரோகம்' என்றார்கள். அதிலும் துரோகம் உண்டு என்றாலும் ராஜாவுக்கு எதிரானது என்பதாவது தெளிவாக இருந்தது. ராஜா போனதும் அந்த இடத்தில் தேசத்தை உட்கார வைத்துவிட்டார்கள். அரசாங்கமும் தேசமும் ஒன்றாகிப்போனது அங்கேதான். அமெரிக்காவுக்கு ராஜாவும் கிடையாது என்பதால் அந்தச் சொல் நமக்கு ஆகாது. 'அரசெதிர்ப்பு' என்கிறார் ஒரு நண்பர். எதிர்க்கட்சி தினமும் செய்வது என்னவாம்? 'ஆட்சிக்கவிழ்ப்பு' என்றால் பீரங்கி வந்துவிடும். 'கிளர்ச்சி' என்பது விவசாயிகள் கூடச் செய்வது.

என் ஓட்டு 'அரசு நிந்தனை'க்கு. தெய்வ நிந்தனை, மத நிந்தனை ஏற்கனவே நம் வாயில் இருக்கின்றன. கும்பிடச் சொன்னதைக் கும்பிடாமல் ஏசினான் என்ற வாடை அதில் உண்டு. 1918 சட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாடை கிடையாது. நிந்தனை வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'அரசுப் பழிப்பு' என்று எழுதட்டும், சண்டைக்கு வரமாட்டேன். ஒரு இடத்தில் இது கால் வாரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த விவகாரத்தில் சிலர்மேல் நிரூபணமானது செடிஷன் சார்ந்த சதி. அங்கே நிந்தனை நிற்காது, 'கலகச் சதி' என்றுதான் போட வேண்டும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச்சொல் என்று யாரும் சட்டம் போடவில்லையே.

அதே மெய்ப்பில் கட்டாய ராணுவச் சேர்ப்பைக் குறிக்கும் 'டிராஃப்ட்' அகராதிப்படி 'வரைவு' ஆகியிருந்தது. இளைஞர்கள் 'வரைவுக்கு அஞ்சி ஓடினார்கள்' என்று படித்தபோது, கல்யாணத்துக்குப் பயந்து ஓடினார்களோ என்று சங்க இலக்கியம் தெரிந்தவர் நினைப்பார். லிபர்ட்டி பாண்ட் 'சுதந்திரப் பிணைப்பு'. போர்க்கடன் பத்திரம் என்றால் பாட்டிக்கும் புரியும். ஹோம் ஃபிரன்ட் 'வீட்டு முன்னணி'. எந்தக் கூட்டணியில் தொகுதி கேட்கிறதோ தெரியவில்லை. போர்முனைக்குப் போகாமல் ஊரில் இருந்தவர்கள் பட்ட பாட்டைத்தான் சொல்கிறார்கள் என்றால், 'போர்க்கால ஊர் வாழ்க்கை' என்று நாலு எழுத்து கூடுதலாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர். நான் சொன்னதைக் கேட்டு, உள்ளே எல்லா இடத்திலும் 'அரசு நிந்தனை' என்று மாற்றிவிட்டார். போன வாரம் புத்தகம் கைக்கு வந்தது. பின்னட்டையைத் திருப்பினால், கொட்டை எழுத்தில்: 'தேசத்துரோகி டெப்ஸின் கதை!' பின்னட்டை எழுதியது வேறு ஆளாம்.