ஹைபிரிட்: கலப்பா, ஒட்டா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் காய்கறி வாங்கும் கடையில் தக்காளி இரண்டு கூடைகளில் இருக்கும். ஒன்று நாடு, மற்றது ஹைபிரிட். முன்னது ரசத்துக்கு, பின்னது நாலு நாள் கெடாமல் கிடப்பதற்கு. சித்தப்பாவின் புதுக் காரில் ஒருநாள் அங்கே போய் இறங்கினேன். காரின் பின்புறம் 'ஹைபிரிட்' என்று பதித்திருந்த எழுத்துகளைக் கடைக்கார அம்மாவின் மகன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "தக்காளியில் வந்தது போதாதென்று காரிலுமா?" என்றார் அந்த அம்மா.

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் இரண்டும் ஒரே சொல்தான்: பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் காருக்கும் ஹைபிரிட் என்றே பெயர். தக்காளிக்குப் பொருந்துவதுபோல் அது காருக்குப் பொருந்தவில்லை என்பது என் கட்சி.

சொல்லின் பிறப்பு பன்றித் தொழுவத்தில். வீட்டுப் பெண்பன்றிக்கும் காட்டு ஆண்பன்றிக்கும் பிறந்த குட்டியை இலத்தீனில் 'ஹிப்ரிடா' என்றார்கள். ரோமானியத் தந்தைக்கும் அயல்நாட்டுத் தாய்க்கும் பிறந்த பிள்ளையையும் அதே சொல்லால் குறித்தார்கள். மரியாதையான அழைப்பு இல்லை. செருக்கைக் குறிக்கும் 'ஹியூப்ரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் சாயல் பின்னாளில் அதன் எழுத்துக்கூட்டலில் ஏறியது. பன்றிக்குட்டியைப் பற்றி எழுதிவைத்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அவர் காலத்து ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். சாடி அப்போதே நம் கரைக்கு வந்துவிட்டது. சொல் வந்து சேரப் பல நூற்றாண்டுகள் பிடித்தன, அதுவும் ஆங்கிலத்தின் வழியாக.

ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் விலங்குக்கு வழங்கி, பிறகு செடிகொடிகளுக்குப் பரவி, கடைசியில் இயந்திரத்தில் ஏறியது. சொல் ஏறுவதற்கு முன்பே பொருள் இருந்தது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொறியாளர் பெர்டினாண்ட் போர்ஷே, வியன்னாவின் லோனர் நிறுவனத்துக்காக ஒரு வண்டி செய்தார். அதில் பெட்ரோல் எஞ்சின் சக்கரத்தைத் தொடவே இல்லை. மின்சாரத்தை உண்டாக்குவதோடு அதன் வேலை முடிந்தது. சக்கரத்தைச் சுழற்றியவை மின்மோட்டார்கள். பெருமளவில் விற்கும் சரக்காக இந்த எண்ணம் மாற, 1997 டிசம்பரில் டொயோட்டா ஜப்பானில் பிரியஸ் காரைக் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி தமிழுக்கு வருவோம். செய்தித்தாள்கள் 'கலப்பின கார்' என்று எழுதுகின்றன. கலப்பின மாடு நமக்குத் தெரியும்: ஜெர்சி ரத்தமும் நாட்டு ரத்தமும் ஒரே உடலில் கலந்தது. அதன் மடியை மட்டும் ஜெர்சி என்று பிரித்துக் காட்ட முடியாது. காரில் அப்படி என்ன கலக்கிறது? எஞ்சின் எஞ்சினாகவே இருக்கிறது, மோட்டார் மோட்டாராகவே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பல்சக்கரத் தொகுதி நின்று, இப்போது நீ இழு, இப்போது நீ ஓய்வெடு என்று முறை வைக்கிறது.

வேளாண் துறை இன்னொரு சொல்லை வைத்திருக்கிறது: வீரிய ஒட்டு. இங்கே குழப்பம் நம்முடையது. நெட்டைத் தென்னையின் பாளையில் குட்டைத் தென்னையின் மகரந்தத்தைச் சேர்த்துப் பெறுவது உண்மையான கலப்பு. அதற்குப் போய் ஒட்டு என்று பெயர். பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் ஒட்டு என்றால் என்னவென்று கையாலேயே காட்டுவார்கள். வேர்க்கன்றின் தலையைச் சீவி, தண்டைப் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்புபோல் செதுக்கிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுவார்கள். வேர் ஒன்றினுடையது, கனி இன்னொன்றினுடையது. எத்தனை வருடம் ஆனாலும் இரண்டும் கலப்பதில்லை, சேர்ந்து வாழ்கின்றன. ஹைபிரிட் கார் இதுதான். கலப்பினம் இல்லை, ஒட்டு.

ஒட்டு என்று பார்த்தால் மோட்டார் நிறுவனங்கள் படும் பாடும் விளங்கும். ஒட்டுக்கன்றில் முதலில் சோதனைக்கு ஆளாவது கட்டுப் போட்ட இடம். காரிலும் எஞ்சின் நூறாண்டு பழகியது, மோட்டார் அதைவிட எளியது. தலைவலி இரண்டும் சேரும் இடத்தில். பேட்டரியை ஆளும் மென்பொருள், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், பேட்டரியைக் குளிரவைக்கும் ஏற்பாடு எல்லாம் அந்தக் கட்டில்தான் இருக்கின்றன. கட்டுப் போட்டுக் கை பழகியவர்களுக்கு அது பிழைக்கிறது. அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண எஞ்சின் கார்களைவிட ஹைபிரிட் கார்களில் கோளாறு 26 சதவீதம் குறைவு. முழு மின்சாரக் கார்களில் 79 சதவீதம் அதிகம். வெளியே செருகி மின்னேற்றும் ஹைபிரிட் வகையிலோ 146 சதவீதம் அதிகம். பெயர் ஒன்று, விதி வேறு.

சித்தப்பாவின் கதை சிறியது. பண்ருட்டியிலிருந்து இரண்டு பலாப்பழங்களைச் சாக்கில் கட்டிப் பின் இருக்கையில் வைத்து வந்தார். நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் மின்விசிறி இரைந்தது, முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் முன்மூடியைத் திறந்தார், ஆரஞ்சு நிற வயர்களைக் கண்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இதற்குள் உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிறது, நான் தொட மாட்டேன்" என்றார். பயிற்சி பெற்ற ஆள் வந்து பார்த்தபோது கோளாறே இல்லை. பின் இருக்கையின் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் சல்லடையைச் சாக்கு அடைத்திருந்தது. கண்ணிகளில் சணல் தூசி. தூரிகையால் தட்டிவிட்டார், அவ்வளவுதான். விற்கும்போது அந்தச் சல்லடையை யாராவது காட்டினார்களா என்று கேட்டேன். பாட்டுப் பெட்டியைக் காட்டினார்களாம்.

ஒட்டுக்கன்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. கட்டுக்குக் கீழே வேர்க்கன்றின் சொந்தத் துளிர் கிளம்பும். கிள்ளாமல் விட்டால் அதுவே மரமாகி, ஒட்டிய குச்சி காய்ந்துபோகும். செருகி மின்னேற்றும் கார்களுக்கு நேர்ந்தது இதுதான். மின்சாரத்தில் ஓடும் என்று நம்பி வாங்குகிறார்கள், மின்னேற்ற மறந்து பெட்ரோலிலேயே ஓட்டுகிறார்கள். இந்த வகைக் கார்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு ஆய்வகக் கணக்கைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கண்டது.

சொல்லுக்கு என்ன பொருள் என்பது இங்கே பணமும் ஆகிறது. மின்சார, ஹைபிரிட் வண்டிகளுக்கு மானியம் தர ஒன்றிய அரசு 2015இல் தொடங்கிய ஃபேம் திட்டத்தில் சிறு மோட்டார் துணையோடு ஓடும் 'மைல்டு' வகையும் ஹைபிரிட் என்று மானியம் பெற்றது. 2017 ஏப்ரலில் அதை நீக்கினார்கள். ஜிஎஸ்டியில் மின்சாரக் காருக்கு 5 சதவீதம். ஹைபிரிட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார் என்றால் 18, பெரியது என்றால் 40. நிறுவனங்களுக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். 2030இல் மின்சாரக் கார் மட்டுமே விற்பதாக 2021இல் அறிவித்த சுவீடன் கார் நிறுவனமான வால்வோ, 2024 செப்டம்பரில் அதைத் தளர்த்திச் செருகு வகைக்கும் இடம் விட்டது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ஒட்டு ஊர்தி என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ஒட்டு என்றால் கிழிசலில் போடும் ஒட்டும் நினைவுக்கு வரும். எந்தக் கடைக்காரரும் அந்தப் பெயரில் கார் விற்க மாட்டார். 'இரட்டை எரிபொருள்' கூடவே கூடாது. அது சிஎன்ஜி எரிவாயுவும் பெட்ரோலும் மாற்றிப் போடும் கார்: எரிபொருள் இரண்டு, எஞ்சின் ஒன்று. இதில் தலைகீழ், ஊற்றுவது பெட்ரோல் மட்டும், இழுப்பவை இரண்டு. ஆகவே 'இருவிசை ஊர்தி' என்கிறேன். செருகி ஏற்றுவது 'செருகு இருவிசை'. மைல்டு வகையில் மோட்டார் தனியாகக் காரை இழுப்பதில்லை என்பதால் அதை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். 'மின்துணை ஊர்தி' போதும்.

சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். பெயர் எதுவானாலும் பெட்ரோலை முள்ளோடையில்தான் போடுவாராம். எல்லை தாண்டினால் புதுச்சேரி விலை, லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். பலாப்பழம் இப்போது டிக்கியில் வருகிறது.