கிட்ட, எட்ட, கொழுந்துத் தூரம்

கிளினிக்கில் கொடுத்த துண்டில் "கிட்டப்பார்வை" என்று இருந்தால், கிட்ட இருப்பது தெரியாத குறை என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அர்த்தம் நேர்மாறு. கிட்ட இருப்பது தெரியும், எட்ட இருப்பது மங்கும், அதுதான் கிட்டப்பார்வை. தூரப்பார்வையில் கிட்டப் பார்ப்பதற்குத்தான் கண் அதிகம் பாடுபடும். 40 வயதுக்கு மேல் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போவது இரண்டும் அல்ல, வெள்ளெழுத்து. நெதர்லாந்து மருத்துவர் டொண்டர்ஸ் 1864இல் தெளிவாகப் பிரித்துக் காட்டும்வரை, தூரப்பார்வையையும் வெள்ளெழுத்தையும் மருத்துவர்களே ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். அதனால் நம் சனங்கள் குழம்புவதைக் குறை சொல்ல முடியாது.

வளர்ந்த ஒருவரின் கண் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளம். உள்ளே வரும் வெளிச்சத்தைக் கண்ணின் முன்பக்கத்தில் உள்ள விழிவெண்படலமும் உள்ளே உள்ள கண்வில்லையும் வளைத்து, பின்னால் உள்ள விழித்திரையில் குவிக்க வேண்டும். கண் கொஞ்சம் நீண்டுவிட்டால் வெளிச்சம் திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும், அது கிட்டப்பார்வை. கட்டையாக இருந்தால் குவியும் இடம் திரைக்குப் பின்னால் போகும், அது தூரப்பார்வை. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசமே இரண்டரை, மூன்று பவருக்குச் சமம். நடு மெலிந்து ஓரம் தடித்த மைனஸ் வில்லை குவியும் இடத்தைப் பின்னே தள்ளும். நடு தடித்த பிளஸ் வில்லை முன்னே இழுக்கும்.

துண்டில் உள்ள எண்ணுக்கும் கணக்கு உண்டு. கிட்டப்பார்வை உள்ளவர் 100ஐத் தன் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்ரிமீற்றர் வரை தெளிவாகத் தெரியும் என்பது வரும். −2.00 என்றால் 50. −4.00 என்றால் 25, ஒரு சாண் அளவு. இப்படிப்பட்ட பிள்ளையைக் கடைசி வாங்கில் உட்கார வைத்துவிட்டு, கரும்பலகையைப் பார்த்து எழுதவில்லை என்று ஏசுவது எவ்வளவு அநியாயம்!

கண்ணாடி கைக்கு வந்ததும் ஒன்றைச் செய்து பாருங்கள். பத்திரிகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். எழுத்து சிறுத்து, கண்ணாடி போகும் பக்கமே போனால் மைனஸ். பெருத்து, எதிர்ப்பக்கம் ஓடினால் பிளஸ். இடம் மாற்றாமல் வண்டிச் சில்லைப் போலச் சுழற்றும்போது எழுத்து வரி சாய்ந்தால், அதில் சிலிண்டர் பவரும் (ஒரு திசையில் மட்டும் வெளிச்சத்தை வளைக்கும் பவர்) இருக்கிறது. துண்டில் மைனஸ் என்றிருக்க, கையில் இருப்பது எழுத்தைப் பெருக்கிக் காட்டினால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

இலங்கையில் பாடசாலை வைத்தியப் பரிசோதனை பொதுவாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும். 6 மீற்றர் தூரத்து எழுத்துகளைப் படிக்கும் சோதனை கிட்டப்பார்வையைப் பிடித்துவிடும். தூரப்பார்வை அதில் தப்பிவிடும். சிறுபிள்ளையின் கண்வில்லை இளசு. தன்னை இறுக்கிக்கொண்டு குறையை ஈடுகட்டும். பிள்ளை கடைசி வரி வரை படிக்கும், எல்லோரும் நல்ல பார்வை என்பார்கள். ஆனால் கொஞ்ச நேரம் புத்தகம் பிடித்தாலே தலையிடி, கண்ணீர், வாசிக்க வெறுப்பு. +2.00 வில்லையை முன்னால் வைத்த பிறகும் தூர எழுத்து தெளிவாகத் தெரிந்தால், குறை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். சரியான அளவு எடுக்கச் சொட்டு மருந்து விட்டு கண்வில்லையைத் தளர்த்த வேண்டும். அதன்பின் வெளிச்சம் கூசும், கிட்ட எழுத்து மங்கும். மருந்தைப் பொறுத்து ஒரு நாளிலிருந்து ஒரு கிழமைக்கு மேலும் இருக்கலாம். அது தானாகத் தெளியும்.

2, 3 வயதில் ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்பினால் "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடுகிறார்கள். இதை நினைத்தால் மனம் பதறுகிறது. கூடிய தூரப்பார்வை உள்ள பிள்ளை கண்ணை இறுக்கும்போது கண் உள்ளே இழுபடுவது ஒரு முக்கியக் காரணம். முழுப் பவர் கண்ணாடியை நாள் முழுக்கப் போட்டால் பல பிள்ளைகளுக்குக் கண் நேராகும். போடாவிட்டால் மூளை அந்தக் கண்ணின் படத்தை ஒதுக்கத் தொடங்கும். சோம்பேறிக் கண் என்பது அதுதான். 7, 8 வயதுக்கு முன் நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சி கொடுத்தால் பலன் அதிகம். பிறகு அதே கண்ணாடி அந்த அளவுக்குக் கைகொடுக்காது.

"கண்ணாடி போட்டால் பவர் ஏறும்" என்பது பொய். கிட்டப்பார்வை ஏறுவது உடம்பு வளரும்போது கண்ணும் நீளுவதால். குறைத்து எழுதிய பவர் அதைத் தடுப்பதில்லை. வெளிவெளிச்சம் கொஞ்சம் காக்கிறது: சீனாவின் குவாங்சூவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். 3 ஆண்டில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4%, மற்றப் பாடசாலைகளில் 39.5%. புலமைப்பரிசில் வகுப்பு என்று பிள்ளையை விடிந்ததிலிருந்து அறைக்குள் அடைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி தேயிலை மலைக்கு வருவோம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி உடனே கிடைத்தவர்கள் நாளொன்றுக்கு எடுத்த கொழுந்து 25 கிலோவிலிருந்து 34.8 கிலோவுக்கு ஏறியது. கிடைக்காதவர்களுக்கு 26இலிருந்து 30.6. பருவத்தால் ஏறியதைக் கழித்தாலும் கண்ணாடியின் பங்கு 21.7%. நிறுவையில் கிலோ குறைந்தால் சம்பளம் குறையும் நம் தோட்டங்களில் இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா? இரண்டு இலையும் மொட்டும் எது, முற்றிய இலை எது என்று தெரியாத கண்ணுக்கு விரல் எவ்வளவு பழகியிருந்தாலும் வேகம் குறையத்தான் செய்யும்.

ஆனால் பத்திரிகை படிக்கும் கண்ணாடியை அப்படியே மலைக்குக் கொண்டுபோனால் சரிவராது. +2.50 தெளிவு தருவது 40 சென்ரிமீற்றரில். இடுப்பளவு செடியில் கை ஓடும் இடம் கண்ணிலிருந்து 50, 60 சென்ரிமீற்றர்; அதற்கு ஏறத்தாழ +1.75 போதும். ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது "கொழுந்து எடுக்கிறேன், இவ்வளவு தூரம்" என்று கையால் காட்டிச் சொல்லுங்கள். தையல், அரிசி பொறுக்குதல் என்றால் தூரம் வேறு, பவரும் வேறு. கீழ்ப்பாதியில் வாசிப்பு பவர் உள்ள இரட்டை வில்லையோடு சரிவில் இறங்குவது ஆபத்து. கால் வைக்கும் படி அந்தக் கீழ்ப்பாதி வழியாகத்தான் தெரியும், அது மங்கும். மலைக்கு ஒற்றைப் பவர் கண்ணாடி, கழுத்தில் கயிறு. கூடையோடு நிறுவைக்கு நடக்கும்போது கழற்றித் தொங்கவிட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் விற்கும் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது. இரண்டு கண்ணும் சமமாக உள்ளவருக்கு உதவும். ஆனால் அதை வாங்கியதோடு பரிசோதனையை விட்டுவிட்டால், கண் அழுத்த நோய் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். 65 வயது அப்பாயி திடீரென்று கண்ணாடி இல்லாமல் பத்திரிகை படிக்கிறார் என்றால் சந்தோஷப்பட வேண்டாம்: கண்புரை வளர்ந்து கண்வில்லையின் நடு இறுகும்போது கண் கிட்டப்பார்வைக்கு மாறும். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும் நாட்களில் எடுத்த பவரும் நிலைக்காது. சீனி ஒரு மட்டத்துக்கு வந்தபின் அளவெடுங்கள்.

வீட்டிலேயே பார்க்க எளிய வழி: கலண்டர் அட்டையில் ஊசியால் ஒரு துளை. ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மறு கண்ணால் துளை வழியே தூரத்துப் பலகையைப் பாருங்கள். தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் தீரும் குறை. தெளியாவிட்டால் நுவரெலியா, பதுளை, கண்டி என்று கண் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள். −6.00க்கு மேல் உள்ளவர்களுக்குத் திடீரென மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கூட்டமாகவோ, திரை விழுவது போலவோ தெரிந்தால் விழித்திரை கழன்றிருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும், கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது.

கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் உலர்வாகத் துடைத்தால் தூசியே கீறிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றி, ஒரு துளி சவர்க்காரம், பிறகு மெல்லிய பருத்தித் துணி. விறகடுப்பு ஓரத்தில் வைத்தால் சூட்டில் மேற்பூச்சு வெடிக்கும். பழைய கண்ணாடியை எறிந்துவிடாதீர்கள். அடுத்த பரிசோதனைக்கு அதையும் துண்டையும் சேர்த்துக் கொண்டுபோனால், பவர் எவ்வளவு மாறியது என்று பார்க்க முடியும்.