கணுக்காலில் அரைக் கிலோ

அலுமினியக் கலவையில் செய்த, ஐந்து தோட்டா கொள்ளும் சிறிய ரிவால்வர் ஒன்றின் எடை சுமார் 425 கிராம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 642 இந்த வகையைச் சேர்ந்தது. தோட்டாக்களையும் நிரப்பினால் அரைக் கிலோ. இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் சிறிது நேரத்தில் அது இருப்பதே மறந்துவிடும். அதே ரிவால்வரைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு நடந்தால் பொழுது சாயும் வரை மறக்க முடியாது.

எடை கூடவில்லை. அது இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

நடக்கும்போது நம் இடுப்பு ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறுகிறது. பாதம் அப்படியல்ல. தரையில் ஊன்றியிருக்கும்போது அதன் வேகம் பூஜ்யம். அடுத்த கணம் அது பின்னாலிருந்து முன்னால் வீசப்படுகிறது. அந்த வீச்சின் நடுவே அதன் வேகம் நடை வேகத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. பிறகு மீண்டும் பூஜ்யம். நாளுக்கு 10,000 அடி நடப்பவர், கணுக்காலில் உள்ள துப்பாக்கியை 5,000 முறை கிளப்பி 5,000 முறை நிறுத்துகிறார். கால் இடுப்பிலிருந்து தொங்கும் ஊசல் போன்றது. ஊசலில் எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ, அதை ஆட்டுவது அவ்வளவு கடினம். அதுவும் தூரத்தின் இருமடிக் கணக்கில் கூடும். கால் நீட்டியிருக்கும்போது முழங்கால் உயரத்தில் கட்டிய எடையைக் கணுக்காலுக்கு இறக்கினால் தூரம் இரட்டிக்கும், ஆட்டுவதற்கான தடை நான்கு மடங்காகும்.

1969-இல் சூல், கோல்ட்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மனிதர்களை நடக்கவைத்தே அளந்தார்கள். உடலின் நடுப்பகுதியில் ஒரு கிலோ சுமக்கச் செலவாகும் ஆற்றலோடு ஒப்பிட்டால், அதே ஒரு கிலோ பாதத்தில் இருக்கும்போது நடை வேகத்துக்கேற்ப 4 முதல் 6 மடங்குக்கும் மேல் செலவானது. தலையில் சுமந்தபோது கூடுதல் செலவு மிகச் சொற்பம். கணுக்கால் பாதத்தை ஒட்டியே இருப்பதால் கதை பெரிதும் மாறாது. நம்பாதவர்கள் உடற்பயிற்சிக்குப் பயன்படும் அரைக் கிலோ மணல் பட்டையை ஒரே ஒரு காலில் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பார்க்கலாம். களைப்பைவிட, இரண்டு கால்களுக்கும் இடையே விழும் தாள பேதம்தான் முதலில் உறுத்தும்.

அடுத்த சிக்கல் காலின் வடிவம். கெண்டைக்கால் மேலே பருத்துக் கீழே ஒடுங்குகிறது. அதில் கட்டிய எந்தப் பட்டையும் ஒவ்வொரு அடிக்கும் சற்றுச் சற்றாக ஒடுங்கிய பக்கம் வழுக்கி, கடைசியில் கணு எலும்பின் மேல் வந்து உட்காரும். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை கிடையாது, உரசல் வலியாகும். இறுக்கிக் கட்டினால் தீர்ந்துவிடாதா? தீராது. நின்றும் உட்கார்ந்தும் இருக்கும் நாளில் கால்களில் நீர் தங்கி, மாலையில் கணுக்கால் சற்று வீங்கும். காலையில் சரியாக இருந்த வெல்க்ரோ பட்டை அப்போது பிடித்து நெரிக்கும். அதனால்தான் துப்பாக்கியைக் காலில் கட்டப் பயன்படும் நல்ல உறைகளில் (ஹோல்ஸ்டர்) கெண்டைக்காலின் பருமனுக்கு மேலே இரண்டாவது பட்டை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து உறை தொங்குகிறது, ஆகவே கீழ்ப்பட்டை எடையைத் தாங்க வேண்டியதில்லை. வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த மேல்பட்டையைத்தான்.

வலக்கைக்காரர் உறையை இடது காலின் உட்புறத்தில் கட்டுகிறார். வெளிப்புறம் என்றால் கதவிலும் நாற்காலியிலும் இடிக்கும், புடைப்பும் தெரியும். எடுக்க வேண்டிய நேரத்தில் வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது கையால் கால்சட்டையை மேலே இழுத்து, வலது கையால் உருவுகிறார். நிற்பது, குனிவது, துணியை விலக்குவது, உறையின் பாதுகாப்பு வாரை அவிழ்ப்பது என்று இத்தனையும் நடந்தாக வேண்டும். இரண்டு கைகளும் மாட்டிக்கொள்கின்றன, கண்ணும் கீழே போகிறது.

இதற்கு எவ்வளவு நேரம் இருக்கும்? சால்ட் லேக் சிட்டி காவல்துறையின் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதிய கட்டுரையில், கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியை, அதாவது 6.4 மீட்டரை, சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுகிறார் என்று காட்டினார். இடுப்பிலிருந்து உருவுவதற்கே அந்த ஒன்றரை வினாடி சரியாகப் போய்விடும். ஆகவே நின்றுகொண்டிருப்பவருக்குக் கணுக்கால் உறை முதல் துப்பாக்கிக்கான இடம் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்கப் போலீசார் பலர் இதை இரண்டாவது, மாற்றுத் துப்பாக்கிக்கே ஒதுக்குவது பட்டறிந்த முடிவு.

ஆனால் உட்கார்ந்தவுடன் கணக்கு தலைகீழாகிறது. கார் ஓட்டுபவரின் இடுப்பை சீட் பெல்ட் மறைக்கிறது, இருக்கையின் சாய்வு அழுத்துகிறது. அமெரிக்காவில் பெரும்பாலான கார்கள் தானியங்கி கியர் உள்ளவை. கிளட்ச் இல்லாததால் இடது கால் சும்மா இருக்கிறது. அதைச் சற்று பின்னுக்கு இழுத்தால் கணுக்கால் கைக்கு எட்டிவிடும். மல்லாந்து விழுந்தவருக்கும் அப்படித்தான்: அவர் குனிய வேண்டாம், முழங்காலை மார்பை நோக்கி மடக்கினால் போதும், கால் கையைத் தேடி வந்துவிடும்.

உட்காரும்போது இன்னொன்றும் நடக்கிறது. முழங்கால் மடங்கினால் துணி அதன் மேல் வளைந்து செல்ல வேண்டும், அதற்குக் கூடுதல் நீளம் தேவை. அந்த நீளம் கீழிருந்துதான் வரும். நின்றபோது காலணியைத் தொட்டுக்கொண்டிருந்த கால்சட்டையின் ஓரம் நான்கு விரற்கடை மேலேறி, உறையின் அடிமுனை எட்டிப் பார்க்கும். அகலமான கால்பகுதியும் சற்றே கூடுதல் நீளமும் உள்ள கால்சட்டை இதனால்தான் தேவைப்படுகிறது. ஒடுங்கிய ஜீன்ஸில் மறைக்கவும் முடியாது, அவசரத்தில் மேலே இழுக்கவும் முடியாது.

ஓடும்போது கெண்டைக்கால் பின்னோக்கி ஏறக்குறைய படுக்கைவாட்டில் எழும்பி, சட்டென்று திரும்புகிறது. வெறும் உராய்வு அந்தத் திருப்பத்தில் துப்பாக்கியைப் பிடித்துவைக்கும் என்று நம்பக் கூடாது, பாதுகாப்பு வார் கட்டாயம். சுடும் விசையை (டிரிகர்) முழுவதும் மூடும் உறுதியான உறையும் கட்டாயம்.

இத்தனைக்கும் மேல் தூசி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒவ்வொரு அடியும் கிளப்பும் புழுதியில், காலுறையின் பஞ்சிழைக்கும் வியர்வைக்கும் நடுவே நாள் முழுவதும் கிடக்கும் ஆயுதம் இது. எண்ணெய்ப் பசை உள்ள இடமெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். குழல் முனை, பிஸ்டலின் சறுக்குப் பகுதி, ரிவால்வரின் சுழல் உருளையைச் சுற்றிய இடுக்கு ஆகியவற்றில் அது அதிகம் சேரும். வியர்வை உப்பு எஃகில் துருவேற்றும். பெல்ட்டில் இருப்பதை மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும் என்று நினைப்பவர்கூட, கணுக்காலில் இருப்பதை வாரம் ஒருமுறையாவது பாதுகாப்பான திசையில் பிடித்துத் தோட்டாக்களை நீக்கி, தோட்டா இருக்கும் ஒவ்வோர் அறையும் காலியா என்று கண்ணால் பார்த்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உறையின் உட்புறத்தையும் அப்போதே தட்டி உதறிவிட வேண்டும், ஏனென்றால் துடைத்த துப்பாக்கி திரும்பிப் போவது அதே தூசிக்குள்தான்.