தினமும் ஒரு விற்றமின் குளிசை போடத்தான் வேண்டுமா?

"களைப்பாக் கிடக்கு, நல்ல விற்றமின் ஒண்டு தாங்கோ." யாழ்ப்பாணத்தில் பாமசியில் நிற்கிற யாரும் இதைக் கேட்காத நாள் இல்லை. டொக்டரின் துண்டு தேவையில்லை, கடைக்கும் வியாபாரம், வாங்குகிறவருக்கும் உடம்புக்கு ஏதோ செய்தோம் என்ற திருப்தி. ஆனால் களைப்பு என்பது ஒரு வருத்தத்தின் பெயர் இல்லை. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, கட்டுக்குள் வராத சீனி, சரியான நித்திரை இல்லாதது, மனச்சோர்வு எல்லாமே முதலில் களைப்பாகத்தான் வந்து நிற்கும். மூன்று மாதம் மல்ரி விற்றமின் (பல விற்றமின்களும் தாதுக்களும் சேர்ந்த ஒரே குளிசை) போட்டுப் பார்ப்போம் என்று இருந்தால், அந்த மூன்று மாதமும் உள்ளே இருக்கிற வருத்தத்துக்கு மருந்தில்லை. என்ன குறைகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் விழுங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

சரி, வருத்தம் ஒன்றும் இல்லாதவர் போட்டால்? இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 3,90,000 ஆரோக்கியமானவர்களை 20 வருடங்களுக்கு மேல் கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் மல்ரி விற்றமின் எடுத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. அதற்கு முன், 50 வயதும் அதற்கு மேலுமான 14,641 ஆண் மருத்துவர்களுக்குப் பத்து வருடங்களுக்கு மேல் கொடுத்துப் பார்த்ததில் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை, புற்றுநோய் மட்டும் சுமார் 8 சதவீதம் குறைந்தது. வயதானவர்களின் ஞாபகசக்திக்குச் சிறிய நன்மை இருக்கலாம் என்று அண்மைய ஆய்வுகள் சில சொல்கின்றன, அதையும் மறைக்கத் தேவையில்லை. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பின்லாந்தில் சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்கு, உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறுகிற பீற்றா கரோட்டின் குளிசை கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியது, 1994இல் வந்த முடிவு அது. ஆகவே புகைப்பவர்கள் இருக்கிற வீட்டில், விற்றமின்தானே, ஆர் போட்டாலும் ஒன்றும் செய்யாது என்ற பேச்சு வேண்டாம்.

முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீன், முட்டை, ஒரு பழம் என்று கிழமை முழுக்க மாறி மாறிச் சாப்பிடுகிறவருக்குப் போத்தல் தேவையில்லை. போத்தலுக்குக் கொடுக்கிற காசைத் திருநெல்வேலிச் சந்தையில் கொடுங்கள்.

ஆனால் உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான். கர்ப்பம் தரிக்க நினைக்கிற பெண்ணுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும், அதுவும் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே, ஏனென்றால் குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற குழாய் கரு உண்டாகி நாலு கிழமைக்குள் மூடிவிடும், பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. இதற்குக் காசும் தேவையில்லை, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

அடுத்தது பி12. மச்சமே சாப்பிடாத, பாலும் தயிரும் குறைவாக எடுக்கிறவர்களுக்கு இது காலப்போக்கில் குறையும். (நல்லூர்த் திருவிழாவுக்கு மச்சம் விடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஈரலில் வருடக்கணக்குக்குச் சேமிப்பு இருக்கிறது.) அதைவிடப் பெரிய கூட்டம் சலரோகத்துக்கு வருடக்கணக்காக மெற்ஃபோமின் போடுகிறவர்கள். இந்தக் குளிசை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், கூடவே வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோலும் நீண்ட காலம் எடுத்தால் இன்னும் குறையும். கால் விறைக்கிறது, பாதத்தில் குத்துகிறது என்றால் "சீனி வருத்தம்தானே, அப்பிடித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். சீனியாலும் வரலாம், பி12 குறைந்தாலும் அதே மாதிரித்தான் வரும், கனநாள் விட்டால் நரம்பு முழுதாக மீளாமலும் போகலாம். அடுத்த கிளினிக்கில் பி12 பார்க்க வேண்டுமா என்று வாய் திறந்து கேளுங்கள். குறைபாடு இருந்தால் ஊசியோ 1000 மைக்ரோகிராம் அளவிலான குளிசையோ தேவைப்படும். சாதாரண மல்ரி விற்றமினில் இருப்பது பெரும்பாலும் சில மைக்ரோகிராம்தான். அதில் உள்ள ஃபோலிக் அமிலம் இரத்தச்சோகையை மட்டும் சரிக்கட்டி, நரம்பு பழுதாவதை வெளியில் தெரியாமல் வைத்துவிடவும் கூடும்.

எங்கள் ஊரில் இன்னொரு விஷயம் இருக்கிறது, வெளிநாட்டுப் பார்சல். பிள்ளைகள் அன்பில் அனுப்புகிறார்கள், பெற்றோர் அதை வீணாக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் போடுகிறார்கள். ஒரு அம்மா ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், உள்ளே மல்ரி விற்றமின், கொட் லிவர் ஒயில், தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று ஒரு போத்தல். காலையில் வெறும் வயிற்றில், தைரொயிட் குறைபாட்டுக்குப் போடுகிற தைரொக்சினோடு மூன்றையும் ஒன்றாகவே விழுங்கியிருக்கிறார். மல்ரி விற்றமினில் உள்ள இரும்பும் கல்சியமும் தைரொக்சினைப் பிடித்து வைத்துவிடும், குறைந்தது நாலு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். தலைமுடிப் போத்தலில் பயோட்டின் 5000 மைக்ரோகிராம், ஒருவருக்கு ஒரு நாளுக்குப் போதுமானது 30தான். இவ்வளவு பயோட்டின் தைரொயிட் பரிசோதனை முடிவையே பிழையாகக் காட்டக்கூடும், மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரொப்போனினையும் அப்படித்தான். விற்றமின் ஏ மீனெண்ணெயிலும் இருந்தது, மல்ரி விற்றமினிலும் இருந்தது. பி, சி கூடினால் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும் (சிறுநீர் மஞ்சளாகப் போவது பி2வால், அது ஆபத்தில்லை), ஏ அப்படியில்லை, ஈரலில் சேரும். கர்ப்பிணிகள் ரெட்டினோல் (விற்றமின் ஏயின் ஒரு வடிவம்) உள்ள குளிசையும் கொட் லிவர் ஒயிலும் எடுக்கவே கூடாது, குழந்தையைப் பாதிக்கும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் ஒன்று வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்து அட்டவணையைப் பாருங்கள். நாளாந்தத் தேவையின் சதவீதம் 100ஐ ஒட்டி இருந்தால் போதும், 1000, 2000 என்று இருப்பது சிறப்பு இல்லை. ஆண்களும் மாதவிடாய் நின்ற பெண்களும் இரும்பு இல்லாததை எடுங்கள், மாதவிடாய் உள்ள பெண்களின் நாளாந்தத் தேவை 18 மில்லிகிராம். நரம்புக்கு என்று விற்கிற குளிசைகள் சிலவற்றில் பி6 100 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கும். பி வகை என்றாலும், அந்த அளவை டொக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் அதுவே கைகால் விறைப்பைக் கொண்டுவரக்கூடும். ஒரு நாளுக்குத் தேவையான கல்சியம் முழுவதும் எந்த மல்ரி விற்றமினுக்குள்ளும் அடங்காது, எலும்புக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். இரத்தம் கட்டியாகாமல் இருக்க வோஃபரின் எடுப்பவர்கள் விற்றமின் கே உள்ள எதையும் டொக்டரிடம் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர் மாறிவிடும். கனடாவில் இருந்து வந்த போத்தல் என்றால், அந்த நாட்டுச் சுகாதாரத் துறை அனுமதித்ததற்கு அடையாளமான என்.பி.என் (NPN) என்ற 8 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள், அமெரிக்கப் போத்தலில் "USP Verified" என்ற முத்திரை இருந்தால் உள்ளே இருப்பதைப் பரிசோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விலை தரத்தைச் சொல்லாது. இரும்பு உள்ளதைத் தேத்தண்ணியோடு போடவேண்டாம், ஒரு மணித்தியாலமாவது தள்ளிப் போடுங்கள்.

வீட்டில் வைக்கிற இடமும் முக்கியம். குசினி யன்னலோரத்து வெக்கையும் ஈரமும் குளிசையைக் கெடுக்கும், பேரப்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மேசையில் வைப்பதோ அதைவிட மோசம். இனிப்பு மாதிரிச் செய்த கம்மி விற்றமின்களைக் குழந்தைகள் இனிப்பென்றுதான் நினைக்கும். இரும்பு உள்ள குளிசைகளைச் சின்னப்பிள்ளை அள்ளிப் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, தொடக்கத்தில் வாந்தி எடுத்துவிட்டுப் பிறகு சுகமானது போலவும் தெரியும். அதை நம்பிக் காத்திருக்காமல் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.