ஒரே நஞ்சு, எல்லை தாண்டினால் வேறு எண்

நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் தோசை ஒட்டாமல் வருவது டெஃப்லான் பூச்சினால். அந்த டெஃப்லானைத் தயாரிக்கப் பல ஆண்டுகள் பயன்பட்ட வேதிப்பொருள் பிஎஃப்ஓஏ. மண்ணிலும் நீரிலும் அது மக்காது. உடம்புக்குள் போனால் பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஹூசிக் ஃபால்ஸும் வெர்மான்ட் மாநிலத்து நார்த் பென்னிங்டனும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நடுவில் மாநில எல்லை. இரண்டு ஊரிலும் டெஃப்லான் பூச்சு ஆலைகள் இருந்தன. முதல் ஊரின் பொதுக் குடிநீரிலும் இரண்டாவது ஊரின் வீட்டுக் கிணறுகளிலும் பிஎஃப்ஓஏ இருப்பது தெரியவந்தது. நார்த் பென்னிங்டனில் ஆலைப் புகையோடு வெளியேறியது மண்ணில் படிந்து, மழைநீரோடு நிலத்தடிக்கு இறங்கியிருந்தது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? 2016-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ, லிட்டருக்கு 70 நானோகிராம் என்றது. வெர்மான்ட் 20 என்றது. (ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.) 30 நானோகிராம் உள்ள கிணறு ஒரு கணக்கில் கெட்டது, இன்னொன்றில் நல்லது.

ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு தரப்பும் ஒரே ஆய்விலிருந்துதான் கணக்கைத் தொடங்கின. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 20 நானோகிராம் வரை தாங்கும் என்பது பொது. உணவு, தூசு வழியாகவும் இது உள்ளே போவதால், தண்ணீருக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4. இதுவரை வித்தியாசமே இல்லை.

அப்புறம்தான் கணக்கு பிரிகிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பது யார்? இபிஏ பாலூட்டும் தாயை வைத்துக் கணக்கிட்டது. எடையில் கிலோவுக்கு 54 மில்லி குடிப்பார். 4-ஐ 0.054-ஆல் வகுத்தால் 74. அதை 70 ஆக்கினார்கள். வெர்மான்ட் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை வைத்துக் கணக்கிட்டது. பால்பவுடர் கரைத்துக் குடிக்கும் குழந்தைக்குக் கிலோவுக்கு 175 மில்லி வரை போகும். 4-ஐ 0.175-ஆல் வகுத்தால் 23. அது 20 ஆனது. வெர்மான்ட் கேட்டதுதான் சரியான கேள்வி என்பேன். அந்த வீடுகளில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள்.

இபிஏ சொன்ன 70 வெறும் அறிவுரை, சட்டமல்ல. அதனால் மாநிலங்கள் தனித்தனியே சட்டம் போட்டன. நியூ ஹாம்ப்ஷயர் தாயின் உடம்பிலிருந்து தாய்ப்பால் வழியே குழந்தைக்குப் போவதையும் சேர்த்துக் கணக்கிட்டு 12-க்கு இறங்கியது. வழக்கு போட்டார்கள், நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2020-இல் சட்டமன்றமே அந்த எண்ணைச் சட்டமாக்கியது.

எண்ணைப் போலவே கூட்டும் முறையும் முக்கியம். ஒரு ஊரின் குழாய்த் தண்ணீரில் பிஎஃப்ஓஏ 9, அதன் உறவுக்காரப் பொருட்களான பிஎஃப்ஓஎஸ் 9, பிஎஃப்எச்எக்ஸ்எஸ் 8 இருப்பதாக வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் முதல் இரண்டுக்கும் வரம்பு தலா 10, தண்ணீர் தேறிவிடும். நியூ ஹாம்ப்ஷயரில் மூன்றுக்கும் தனித்தனி வரம்பு 12, 15, 18, அங்கேயும் தேறும். வெர்மான்ட் ஐந்து பொருட்களைக் கூட்டி 20-க்குள் இருக்கச் சொல்கிறது. கூட்டினால் 26. அங்கே தேறாது.

எண்ணைத் தாண்டிய வெர்மான்ட் வீடுகளுக்கு முதலில் புட்டித் தண்ணீர் வந்தது, பிறகு கரி வடிகட்டி, கடைசியில் பல வீடுகளுக்கு நகரக் குடிநீர்க் குழாய்.

மாநிலம் மத்திய அரசின் வரம்பைவிடக் கடுமையாக இருக்கலாம், தளர்த்தக் கூடாது. 2024 ஏப்ரலில் இபிஏ பிஎஃப்ஓஏவுக்கும் பிஎஃப்ஓஎஸ்ஸுக்கும் தலா 4 என்று சட்ட வரம்பே வைத்தது. இலக்கு பூஜ்யம்தான், ஆய்வகங்கள் நம்பகமாக அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு 4. அந்த வரம்பின்படி, மேலே சொன்ன தண்ணீர் நியூயார்க்கிலும் தேறாது.